மோதாரணி மாதா

காங்கேயத்திலிருந்து ஊதியூர் போகும் வழியில் இருக்கும் மாரப்பனின் தோட்டம் நான்கு ஏக்கர். அகலம் குறைச்சல், நீளம் அதிகம். கிழக்குக் கோடியில் வீடு, வீட்டை ஒட்டிக் கிணறு, கிணற்றை ஒட்டி மோட்டார் ரூம். மேற்குக் கோடியில் கடைசி வரப்பு. அந்த வரப்புக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் மோட்டாரை நிறுத்தாவிட்டால், தண்ணீர் தாண்டி லட்சுமணசாமி நாயுடுவின் சோளக்காட்டுக்குப் போய்விடும். ஆகவே மாரப்பன் கடைசி வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, வீட்டில் இருக்கும் மனைவிக்கு ஒரு சத்தம் கொடுப்பார்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாயிலிருந்து புறப்படும்போது அது சாதாரணமாகத்தான் இருக்கும். இருபது அடி போனபிறகு அகலம் கூடும். வீட்டுக்கு வரும்போது தென்னை மட்டைகள் ஆடுகிற மாதிரி இருக்கும். அவர் மனைவி சின்னாத்தாள் மோட்டாரை நிறுத்துகிறாளோ இல்லையோ, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மூன்று மோட்டார்கள் நின்றுவிடும். லட்சுமணசாமி ஒருமுறை வீட்டுக்கே வந்து முறையிட்டார்.

"ஏனுங்க மாரப்பண்ணா, நீங்க சத்தம் போட்டா எங்கூட்டுல மோட்டார நிறுத்திப்போடறாங்க. எனக்குச் சோளம் காயுதுங்க."

"நான் எங்கூட்டுக்காரியத்தானுங்க கூப்புடறேன்."

"அது உங்களுக்குத் தெரியுதுங்க. மோட்டாருக்குத் தெரியோணுமல்லங்க."

மாரப்பன் பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். சிக்னல்ஸ் பிரிவில் ஒயர்லெஸ் ஆபரேட்டர். வயர் இல்லாமலேயே ஊரைக் கூப்பிடும் ஆளுக்கு ஒயர்லெஸ் எதற்கு என்று அப்போதே உறவுக்காரர்கள் கேட்டார்கள். இருபத்து நான்கு வருஷ சர்வீசை முடித்து ஹவில்தாராக ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்பினார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், செல்போனிலேயே மோட்டாரை நிறுத்துகிற கருவி ஒன்றை வாங்கி மாட்டிக்கொடுத்தான். மாரப்பன் அதைத் தொட்டதே இல்லை.

போன கார்த்திகை மாதம் ஒரு நாள் காலையில், வீட்டுப் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. சின்னாத்தாள் எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், "நாங்க ஆர்மியிலிருந்து பேசறோம்" என்றது.

அதற்கு முந்தைய வாரம்தான் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஆர்மி என்றும் சிபிஐ என்றும் சொல்லிக்கொண்டு யார் பேசினாலும் நம்பாதீர்கள், உடனே வைத்துவிடுங்கள் என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சின்னாத்தாள் வைத்துவிட்டாள். மறுபடி மணி அடித்தது. மறுபடி வைத்தாள். மூன்றாவது முறை, அறிவுரை சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

"ஏங்கண்ணு, கொரலக் கேட்டா நல்ல ஊட்டுப் புள்ளையாட்டத் தெரியுது. உனக்கு எதுக்கு இந்தப் பொழப்பு?"

"அம்மா, நான் மேஜர் மானசாங்க. எங்கூடு பீளமேடுங்க. உங்க வீட்டுக்காரருக்கு டிவிஷன்ல மரியாதை பண்றாங்க."

"தமிழு நல்லாக் கத்துக் குடுத்திருக்கறாங்க உனக்கு. எங்க ஊட்டுக்காரரு பேருல ஒண்ணுமில்ல சாமி. ஒரு மோட்டாரு இருக்குது, அதுவும் பழசு. வேற ஊட்டப் பாரு."

இரண்டு நாள் கழித்து ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் வந்தது. மேலே சிங்கம் போட்ட முத்திரை. மாரப்பன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார். அவர் வேலை பார்த்த காலாட்படை டிவிஷனுக்கு அறுபது வயது நிறைகிறதாம். அதை ஒட்டி, சிறப்பாகப் பணியாற்றிய பழைய வீரர்களை அந்தந்தப் பகுதிக்கே வந்து கௌரவிக்கிறார்களாம். தென்னாட்டுக்காரர்களுக்குக் கோயமுத்தூரில், அவினாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் விழா. மாரப்பன் 1997 டிசம்பரில் ஒன்பது பேர் உயிரைக் காப்பாற்றியதற்காக ஜெனரல் கையால் பதக்கமும் பத்திரமும்.

"அடேயப்பா!" என்றாள் சின்னாத்தாள். "அந்தப் புள்ளையப் பேசிப்போட்டனே!"

மாரப்பன் சிரித்தார். கடிதத்தின் கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த ஒன்பது பேரில் ஒருவரான கௌரவ கேப்டன் பிரேம் சிங் நேகி, கார்வால் மலையிலிருந்து விழாவுக்கு நேரில் வருகிறார் என்று போட்டிருந்தது.

"என்னங்க, மூஞ்சி இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி எழுத்தச் சின்னதாக் காட்டுது."

விஷயம் கண்ணாடியில் இல்லை.

1997 டிசம்பரில் மாரப்பன், பதினைந்தாயிரம் அடி உயரத்தில் ஒரு காவல் முகாமில் இருந்தார். அவரைத் தவிர எல்லோரும் கார்வால் மலைக்காரர்கள். ஒருநாள் காலையில் அப்போது நாயக் பதவியில் இருந்த நேகியின் தலைமையில் ஒன்பது பேர் ரோந்து போனார்கள். மத்தியானம் பனிப்புயல் வந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒயர்லெஸ் பேட்டரி குளிரில் செத்துவிட்டது. விளக்குக் குண்டு சுட்டார்கள், வெளிச்சத்தைப் பனி விழுங்கியது. தகரத்தைத் தட்டினார்கள், சத்தத்தைக் காற்று கொண்டுபோனது. முகாமில் இருந்த இளம் லெப்டினன்ட் கடைசியில் மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை முகாம் கதவில் கட்டி, வெளியே போய் நின்று கத்தத் தொடங்கினார். மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை கத்தினார். ஆறு மணிக்கு ஒன்பது பேரும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு மட்டும் கால் விரல் இரண்டு போயிற்று. மாரப்பனுக்குப் பதினொரு நாள் பேச்சு வரவில்லை.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். டீக்கடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். "என்னன்னுங்க கத்துனீங்க?" என்று யாராவது கேட்டால், "சிவன்மலை ஆண்டவரே, முருகான்னுதானுங்க" என்பார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சின்னாத்தாளோ அன்றிலிருந்து மாசந்தவறாமல் கிருத்திகைக்குச் சிவன்மலைப் படியேறி, புருஷன் தொண்டையைக் காத்ததற்கு முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறாள்.

அவர் கத்தியது முருகனை அல்ல. என்ன கத்தினார் என்பது அவருக்கும் அந்த முகாமில் இருந்தவர்களுக்கும்தான் தெரியும். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான் இதுவரை மாரப்பனுக்கு இருந்த ஒரே நிம்மதி.

விழா நாளன்று இருவரும் காலையிலேயே பஸ் ஏறினார்கள். சின்னாத்தாள் பட்டுப்புடவை, மாரப்பன் கோட்டு. கோட்டுப் பொத்தானுக்கும் அவர் வயிற்றுக்கும் பல்லடம் வரை தகராறு நடந்தது. பல்லடத்தில் பொத்தான் தோற்றது. சின்னாத்தாள் தன் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக் குத்திவிட்டாள்.

மண்டப வாசலில் மேஜர் மானசா நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்னாத்தாள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குப் பேசினத மனசுல வெச்சுக்காத கண்ணு."

"இல்லீங்கம்மா. எங்க கர்னல் கூப்பிட்டப்பவும் நாலு பேரு அப்படித்தான் பேசுனாங்க. அவருக்குத் தமிழ் தெரியாததால வாழ்த்துறாங்கன்னு நெனச்சுட்டாரு."

உள்ளே நுழைந்ததும், மீசை முழுக்க நரைத்த, சிவந்த முகத்துக்காரர் ஒருவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். நேகி. மாரப்பனைத் தூக்காத குறையாகக் கட்டிப்பிடித்தார். ஊக்கு அவரைக் குத்தியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தியில் கேட்டார்: "அண்ணா, மாதா கோயில் எங்கே இருக்கிறது? என் மனைவி புடவை கொடுத்தனுப்பியிருக்கிறாள்."

"எந்த மாதா?" என்றார் மாரப்பன்.

"மோதாரணி மாதா! நீங்கள் அன்றைக்குக் கூப்பிட்டீர்களே, உங்கள் தெய்வம். நான் தினமும் காலையில் குளித்துவிட்டு ஒன்பது தடவை அந்த மந்திரத்தைச் சொல்கிறேன். என் பெண் அதைச் சொல்லித்தான் டாக்டர் பரீட்சை எழுதினாள். நீங்கள் மாற்றலில் போனபிறகு முகாமிலேயே மாதாவுக்குச் சின்னதாகக் கோயில் கட்டிவிட்டோம். இன்றைக்கும் மணி அடித்துவிட்டுத்தான் ரோந்து கிளம்புகிறார்கள்."

சின்னாத்தாளுக்கு இந்தி தெரியாது. "என்ன சொல்றாருங்க?" என்றாள்.

"கோயிலுக்குப் போகோணுமாம்."

"நம்ம சிவன்மலைக்கா? கூட்டிட்டுப் போலாமுங்க!"

மாரப்பன் நேகியிடம் திரும்பி, மாதா கோயில் ஆனைமலைப் பக்கம் இருக்கிறது, ரொம்ப தூரம், இப்போது நடை சாத்தியிருப்பார்கள், புடவையைத் தன்னிடம் கொடுத்தால் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். நேகி புடவையைக் கொடுக்கவில்லை. எத்தனை நாள் ஆனாலும் நடை திறக்கும்வரை இருந்து பார்த்துவிட்டே போவதாகச் சொல்லிவிட்டார்.

விழா தொடங்கியது. முந்நூறு பேர் இருந்தார்கள், பெரும்பாலும் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பழைய படைவீரர்களும் குடும்பத்தாரும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். குண்டு பாய்ந்த காலோடு நண்பனைச் சுமந்தவர், ஆற்றில் பாலம் கட்டியவர் என்று வரிசையாகப் போனார்கள். மாரப்பனின் முறை வந்தது. மேடையில் விறைப்பாக நின்றார். மானசா பத்திரத்தைத் தமிழில் வாசித்தாள்.

"கண் மறைத்த பனிப்புயலில், தன் உயிரைப் பொருட்படுத்தாமல், தன் குலதெய்வமான மோதாரணி மாதாவின் மந்திரத்தை நான்கு மணி நேரம் இடைவிடாமல் முழங்கி, ஒன்பது வீரர்களை மீட்ட ஹவில்தார் மாரப்பன்..."

நான்காவது வரிசையில் சின்னாத்தாள் பக்கத்து அம்மாவிடம், "எங்களுக்குக் கொலதெய்வம் வேறங்க, எழுத்துல தப்பாப் போட்டிருக்கறாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஜெனரலுக்கு அந்த முகாமின் கதை ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது. மைக்கைக் கேட்டு வாங்கினார். டிவிஷனில் எல்லோரும் அறிந்த இந்த மந்திரம் இந்த மண்ணிலிருந்து வந்தது, ஆகவே இந்த மண்ணின் மக்களோடு சேர்ந்து அதை மூன்று முறை சொல்ல ஆசைப்படுகிறேன் என்றார். மானசா அதைத் தமிழில் சொன்னாள். நேகியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நேகி கண்ணை மூடி, கைகூப்பி, கணீரென்று சொன்னார்:

"ஸின்னாதா மோதாரணி ருத்து புல்லே!"

மண்டபம் பயபக்தியோடு திருப்பிச் சொன்னது. "ஸின்னாதா... மோதாரணி... ருத்து புல்லே."

மாரப்பன் பார்வையைச் சுவரில் நட்டுக்கொண்டார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அந்தப் பல்லியாகப் பிறந்திருக்கலாம் என்று அவருக்கு அப்போது நிஜமாகவே தோன்றியது.

இரண்டாவது முறை, கொஞ்சம் வேகமாக. "ஸின்னாத்தா மோத்தாரணி ருத்து புள்ளே."

முந்நூறு பேரின் நாக்கு ஏதோ பழகிய தடத்தில் கால் வைத்தது போல ஒரு தயக்கம் காட்டியது. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மானசாவின் புருவம் சுருங்கியது.

மூன்றாவது முறை நேகி முழு வேகத்தில் எடுத்துக்கொடுத்தார். கொங்குநாட்டு வாய்கள் முந்நூறும், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, தாமாகத் திருத்திக்கொண்டு முழங்கின:

"சின்னாத்தா, மோட்டார நிறுத்து புள்ளே!"

எங்கேயோ பின்வரிசையில் ஒரு பெரியவர் 'க்ளுக்'கென்றார். அவ்வளவுதான். அணை உடைந்தது. ஒற்றைக்காலர் ஒருவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மானசா பத்திரத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. பக்தியில் இப்படியும் ஒரு வகை உண்டுபோலும் என்று நினைத்து ஜெனரல் மரியாதையாகப் புன்னகை செய்தார். பிறகு சந்தேகம் வந்து, "என்ன நடக்கிறது?" என்று மானசாவைக் கேட்டார். அவள் நான்கு முறை முயன்று, ஐந்தாவது முறைதான் மொழிபெயர்த்து முடித்தாள்.

ஜெனரல் மாரப்பனைப் பார்த்தார். "உண்மையா, ஹவில்தார்?"

மாரப்பன் இன்னும் விறைத்தார். ஊக்கு பிய்த்துக்கொண்டு மேடையில் விழுந்தது. "உண்மை சார்."

"ஏன்?"

"சார், முதலில் 'நேகி' என்றுதான் கத்தினேன். பத்தடி தாண்டவில்லை. 'முருகா' என்றேன், அதையும் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. லீவில் போய்த் தண்ணீர் கட்டும்போதெல்லாம் நான் கத்தியதிலேயே நான்கு ஏக்கர் போய்ப் பழகினது இந்த ஒன்றுதான் சார்."

ஜெனரல் நேகியைப் பார்த்தார். நேகி வாயைத் திறந்தபடி நின்றார். இருபத்தேழு வருஷமாகத் தினம் ஒன்பது தடவை மோட்டாரை நிறுத்தச் சொல்லிவந்த மனிதர் அவர். ஜெனரல் மைக்கில் சொன்னார்: "அந்தக் கோயில் கட்டினதற்கு அப்புறம் அந்தப் பாதையில் நாங்கள் ஒருவரைக்கூட இழக்கவில்லை. ஆகவே கோயில் இருக்கும். மந்திரமும் அப்படியே இருக்கும். இந்தச் சின்னாத்தாள் யார்?"

மண்டபமே திரும்பியது. சின்னாத்தாள் எழுந்திருக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் எப்போதோ எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மானசா போய் அவளைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தாள். நேகி ஒரு கணம்தான் அவளைப் பார்த்தார். அடுத்த கணம் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார்.

"ஐயோ, என்னங்க இது! எந்திரிங்க சாமி, கோட்டெல்லாம் மண்ணாவுது!" என்று சின்னாத்தாள் இரண்டடி பின்னால் குதித்தாள். ஜெனரல் அவளுக்குச் சால்வை போர்த்தினார். நேகி புடவையைக் கொடுத்தார். அடர் சிவப்பில் ஜரிகை போட்ட புடவை. அவள் அந்த நிலைமையிலும் முந்தானையை விரித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று விரலால் தேய்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சூலூர் தாண்டும் வரை அவள் அந்தப் புடவையைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டு வந்தாள். பதக்கப் பெட்டி மாரப்பன் மடியில் இருந்தது.

"அப்ப, இருவத்தேழு வருசமா நான் மலையேறுனது?"

"அது வீணாப் போகாது புள்ள. முருகன் கணக்குல இருக்கும்."

"சாகக் கெடக்குற பனியில, கூட இருக்குற ஒம்பது பேரு உசுரு ஊசலாடுது. அப்பவும் உங்களுக்கு மோட்டாரு!"

"நெனச்சது உன்னத்தான். மீதி பழக்கத்துல கூடவே வந்துருச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல்லடத்தில் பஸ் நின்றது, சிலர் இறங்கினார்கள், ஒருவர் இரண்டு கோழிகளோடு ஏறினார், பஸ் கிளம்பியது.

"நாலு மணி நேரமும் எம்பேரயா சொன்னீங்க?"

"ஆமா."

"எத்தன தடவ இருக்கும்?"

"ஆரு எண்ணுனது? ஆயிரத்துக்குக் கொறையாது."

"ஊட்டுக்குள்ள ஒரு நாளாச்சும் பேரு சொல்லிக் கூப்புட்டிருப்பீங்களா? பக்கத்துல இருந்தா 'ஏ புள்ள', தூரமாப் போனாத்தான் எம்பேரு வாயில வருது."

மாரப்பன் யோசித்தார். அது உண்மைதான். "சின்னாத்தா" என்றார், தன்னால் முடிந்த அளவு மெதுவாக. டிரைவர் திரும்பிப் பார்த்தார். கோழிகள் இரண்டும் அலறின.

மறுநாள் காலை நேகி டாக்சி பிடித்துத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். மோட்டாரைப் பார்க்கவேண்டும் என்றார். மோட்டார் ரூமைத் திறந்துகாட்டினார்கள். உள்ளே ஓணான் ஒன்றும் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியும் இருந்தன. நேகி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பையிலிருந்து குங்குமம் எடுத்து ஸ்டார்ட்டருக்கு வைத்தார். "பாத்துங்க, கரண்டு இருக்குது!" என்று சின்னாத்தாள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சேதி தெரிந்து லட்சுமணசாமியும் வந்து வேலியோரம் நின்றார். தன் வீட்டு மோட்டாரும் இந்த மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று தனக்குத் தெரிந்த நான்கு இந்தி வார்த்தைகளில் சொல்லப் பார்த்தார். நேகி போய் அந்த மோட்டாருக்கும் குங்குமம் வைத்துவிட்டு வந்தார்.

மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம், நெய், அப்பளம். நேகி மூன்றாவது முறை வாங்கிக்கொண்டு, சின்னாத்தாளிடம் ஒன்று கேட்கும்படி மாரப்பனிடம் சொன்னார். மாரப்பன் சங்கடத்தோடு மொழிபெயர்த்தார்.

"நான் சத்தம் போட்டவொடனே நீ மோட்டார நிறுத்திருவியான்னு கேக்கறாரு."

"பொய் எதுக்குங்க?" என்றாள் சின்னாத்தாள். "ஒரு நாளும் ஒடனே நிறுத்துனதில்லீங்க. அடுப்புல வேல இருக்கும். இன்னும் நாலஞ்சு தடவ கத்துட்டும்னு உட்டுப்போடுவேன்."

மாரப்பன் அதை மொழிபெயர்த்ததும் நேகி சாப்பிடுவதை நிறுத்தினார். நெய் வழியும் கையை அப்படியே கூப்பினார். இந்த அம்மா முதல் சத்தத்திலேயே நிறுத்தியிருந்தால் உங்கள் தொண்டைக்கு இவ்வளவு பயிற்சி வந்திருக்காது, நாங்கள் ஒன்பது பேரும் இன்றைக்கு இருந்திருக்கமாட்டோம் என்றார். இதைச் சின்னாத்தாளுக்கு மொழிபெயர்க்க மாரப்பனுக்கு மனம் வரவில்லை. ஆனால் நேகி சைகையிலேயே சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் கதை ஊரெல்லாம் பரவியது. டீக்கடையில் சிவன்மலை ஆண்டவர் கதை எடுபடவில்லை. மாரப்பனைக் கண்டாலே பையன்கள் பைக்கை ஆஃப் பண்ணிவிட்டு வணக்கம் வைக்கிறார்கள். அவரும் இப்போதெல்லாம் சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டார். ஜெனரல் கொடுத்த பத்திரத்தை மானசா திருத்தி அனுப்பினாள். 'குலதெய்வமான மோதாரணி மாதா' இருந்த இடத்தில் 'மனைவியான திருமதி சின்னாத்தாள்' என்று இருந்தது. சின்னாத்தாள் மகளிர் குழுவில் அதைக் காட்டாத நாளில்லை.

மாசியில் மானசா ஒரு போட்டோவும் அனுப்பினாள். பனிக்கு நடுவில் இடுப்புயரக் கல் கோயில், தகரக் கூரை, ஒரு மணி, சிவப்புக் கொடி. சின்னாத்தாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"ஏங்கண்ணு மானசா, என்ற கோயில்ல கொடி கிழிஞ்சு தொங்குது. ஆரும் பாக்கறதில்லையா?"

"அம்மா, அங்க காத்து அப்படிங்க. மாசம் ஒரு கொடி கிழியும்."

"நாம்பாத்துக்கறேன் போ."

மகனிடம் சொல்லித் திருப்பூரிலிருந்து சிவப்புப் பனியன் துணி ஐந்து மீட்டர் வரவழைத்தாள். காங்கேயத்தில் ஒரு தையல்காரரிடம் ஓரத்துக்கு இரட்டைத் தையல் போடச் சொல்லி, பன்னிரண்டு கொடிகள் தைத்துப் பார்சல் அனுப்பினாள். மூன்று மாதமாகிறது. முதல் கொடியே இன்னும் பறந்துகொண்டிருக்கிறதாம். பனியன் துணியல்லவா, காற்றில் கொஞ்சம் இழுபட்டு, முன்னைவிட ஒரு முழம் நீளமாகிவிட்டது என்று மட்டும் முகாமிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.